அனுதின வேத வாசிப்பும் தியானமும்: அன்றைய பகுதிக்குள் நின்று எழுதுவது

ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கும் திட்டத்தை ஒவ்வொரு ஜனவரியிலும் தொடங்கி, பலிகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமத்தை எட்டும்போது நின்றுவிடுவதாகவும், வாசித்த பகுதியை ஒட்டித் தியானக் குறிப்பு எழுதிச் சிலரோடு பகிர்ந்துவந்தாலும், எந்தப் பகுதியை எடுத்தாலும் ‘ஆண்டவரை நம்புங்கள், அவர் கைவிடமாட்டார்’ என்ற ஒரே இடத்தில் போய் முடிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்த வாசிப்புத் திட்டம் நல்லது, தியானத்தை எப்படி எழுதுவது என்பவை உங்கள் கேள்விகள். இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் எண்ணம். பகுதி என்ன சொல்கிறது என்று பார்த்து முடிப்பதற்குள், அதிலிருந்து நமக்கு என்ன கிடைக்கும் என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். லேவியராகமத்தில் அப்படித் தேடுகிறவருக்கு ஒன்றும் அகப்படுவதில்லை, ஆகையால் நின்றுவிடுகிறார். சங்கீதங்களிலும் சுவிசேஷங்களிலும் அப்படித் தேடுகிறவருக்கு ஏற்கெனவே தெரிந்தது மட்டுமே அகப்படுகிறது. ஆகையால் அதையே மறுபடியும் எழுதுகிறார்.

முதலில் திட்டங்களைப் பார்ப்போம். புராட்டஸ்டண்ட் சபைகள் பயன்படுத்தும் வேதாகமத்தில் 66 புத்தகங்களும் 1189 அதிகாரங்களும் உள்ளன; கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலியத்தில் 73 நூல்கள் உண்டு. 1189 அதிகாரங்களை 365 நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு மூன்று அதிகாரங்களுக்குச் சற்று மேல் வரும். புதிய ஏற்பாட்டின் அதிகாரங்கள் 260; வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வாசித்தால் 52 வாரங்களில் சரியாக முடிந்துவிடும். இந்த இரண்டாவது கணக்கு எவ்வளவு எளிது என்பது பலருக்குத் தெரிவதில்லை. முழு வேதாகமத்தையும் ஓராண்டில் முடிப்பதே பக்தியின் அளவுகோல் என்ற எண்ணம் எப்படியோ நிலைத்துவிட்டது.

அந்த எண்ணத்துக்கு வழிவகுத்த திட்டங்களில் மிகவும் புகழ்பெற்றது, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842-இல் தம் சபையாருக்காக வகுத்தது. ஜனவரி முதல் நாள் ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆகிய நான்கின் முதல் அதிகாரங்களோடு அது தொடங்குகிறது. அன்றாடம் நான்கு அதிகாரங்கள் வீதம் ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் வாசித்து முடியும். இன்று அந்த அட்டவணையைப் பின்பற்றுகிறவர்களில் பலர் அதன் முன்னுரையைப் படித்திருக்க மாட்டார்கள். திட்டத்தால் விளையும் நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே மெக்செய்ன் அதன் ஆபத்துகளைச் சொல்லிவிடுகிறார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், பகுதியை முடித்துவிட்டோம் என்பதே சுயநீதியாகிவிடலாம், கருத்தின்றி ஓட்டமாக வாசிக்க நேரலாம், சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். நீங்கள் லேவியராகமத்தில் நின்றுபோனது இந்த நான்காவது. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. திட்டத்தை வகுத்தவரே அதை எதிர்பார்த்திருந்தார்.

இன்னும் பழைய வழிகளும் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புனித பெனடிக்டின் துறவற ஒழுங்கு, 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்கும்படி சொல்கிறது. 1549-இல் வெளிவந்த ஆங்கிலிக்கப் பொது ஜெபப் புத்தகத்தில் தாமஸ் கிரான்மர் அதே 150-ஐ ஒரு மாதத்தின் காலை மாலை ஆராதனைகளுக்குப் பகிர்ந்துவைத்தார். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் சின்சென்டார்ஃப் பிரபுவின் ஆதரவில் வாழ்ந்த மொராவியச் சபையார் 1728-இல் அன்றாடம் ஒரு வசனத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். 1731 முதல் அது ஆண்டுதோறும் அச்சாகி வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றைச் சேர்ப்பது அதன் முறை. இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு: இன்று எதை வாசிப்பது என்பதை வாசிக்கிறவர் முடிவு செய்வதில்லை. தியானம் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. நாமே வசனத்தைத் தேடி எடுத்தால், சொல்ல வேண்டியதை முன்பே முடிவு செய்துவிட்டு அதற்கொரு வசனத்தைத் துணைக்கு அழைப்போம்.

ஆலய வழிபாட்டில் அந்தந்த நாளுக்கென்று குறிக்கப்பட்ட திருவழிபாட்டு வாசகங்களை வைத்துத் தியானம் எழுதுகிறவர்களும் அதிகம். உங்கள் நண்பர்களில் சிலர் அப்படி எழுதுவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு ஒரு செய்தி மிகவும் பயன்படும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் 1969-இல் வெளியான கத்தோலிக்க வாசகப் பட்டியலில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் அமைந்துள்ளன: முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்கா, யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை, பாஸ்கா காலத்திலும் வேறு சில இடங்களிலும் அவர் வருகிறார். சிறப்புக் காலங்கள் அல்லாத பொதுக்காலத்து ஞாயிறுகளில் பழைய ஏற்பாட்டு முதல் வாசகம் அன்றைய நற்செய்திக்குப் பொருந்துமாறு தெரிவு செய்யப்பட்டது. திருமுகங்களிலிருந்து வரும் இரண்டாம் வாசகமோ அதன்பாட்டுக்கு வாரந்தோறும் தொடர்ந்து செல்வது. நற்செய்தியோடு பொருந்த வேண்டும் என்று அதை யாரும் தெரிவு செய்யவில்லை. பொதுக்காலத்து வாரநாள்களில் முதல் வாசகம் இரண்டாண்டுச் சுழற்சியிலும் நற்செய்தி ஓராண்டுச் சுழற்சியிலும் தனித்தனியே ஓடுகின்றன. ஆகவே எல்லா வாசகங்களையும் ஒரே நூலில் கோத்துவிட வேண்டும் என்று திணறுகிற தியானங்கள், இல்லாத ஒரு முடிச்சைத் தேடிக்கொண்டிருக்கின்றன. ஒரு வாசகத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது குற்றமே இல்லை. பல புராட்டஸ்டண்ட் சபைகள் பயன்படுத்தும் 1992-ஆம் ஆண்டின் திருத்திய பொது வாசகப் பட்டியலும் இதே அடித்தளத்தில் எழுந்ததுதான்; அதில் பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிந்தைய ஞாயிறுகளுக்குப் பழைய ஏற்பாட்டுப் பகுதிகள் இரண்டு தடங்களாகத் தரப்பட்டிருக்கும், ஒன்று தொடர் வாசிப்பு, மற்றொன்று சுவிசேஷத்துக்கு இணையானது. எந்தத் தடத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் எழுதினால் இதே திணறல்தான்.

உங்கள் நிலைமைக்கு என் பரிந்துரை இது. வாசிப்பதற்கு ஒரு வேகமும் எழுதுவதற்கு வேறொரு வேகமும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு ஒரே ஒரு புத்தகத்தைத் தெரிந்துகொண்டு, பத்துப் பதினைந்து வசனங்களாக, எதையும் தாண்டாமல், முதலிலிருந்து முடிவுவரை செல்லுங்கள். அதற்கு வெளியே விரிவாக வாசிக்க நேரம் இருந்தால் வாசியுங்கள். அதைப்பற்றி எழுத வேண்டாம். தவறிய நாள்களைச் சேர்த்துப் பிடிக்க ஒரே நாளில் பன்னிரண்டு அதிகாரங்களை விழுங்குவதையும் விட்டுவிடுங்கள். அட்டவணையில் இன்று என்ன தேதியோ அந்தப் பகுதியை வாசித்துவிட்டு மேலே செல்லலாம், அல்லது தேதிகளையே அழித்துவிட்டு நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

எப்படி வாசிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ, துறவிகளின் வாசிப்பை நான்கு படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார்: வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், ஆண்டவரின் சமுகத்தில் அமர்ந்திருத்தல். நாம் பெரும்பாலும் முதல் படியில் கால் வைக்காமலே மூன்றாம் படிக்குத் தாவுகிறோம். ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டேயில் நடத்திய இறைப்பணியாளர் பயிற்சி நிலையத்தில், காலைதோறும் அரைமணி நேரம் ஒரு சிறிய பகுதியின்மேல், வாரம் முழுவதும் அதே பகுதியின்மேல், தியானிக்க வேண்டும் என்று ஏற்படுத்தியிருந்தார். அந்த அரைமணியில் பிரசங்கத்துக்குக் குறிப்புச் சேர்க்கக் கூடாது என்பது அவர் கண்டிப்பாகச் சொன்னது. எழுதிப் பகிர்கிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். ‘இதை எப்படி எழுதலாம்’ என்ற எண்ணத்தோடு வாசிக்கத் தொடங்கினால், எழுதத் தோதானது மட்டும் கண்ணில் படும், மற்றதெல்லாம் மறைந்துபோகும். ஆகவே பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள், ஒருமுறையேனும் வாய்விட்டு. பிறகு, பயன் எதையும் தேடாமல், பகுதியில் உள்ளவற்றை மட்டும் நான்கைந்து வரிகளில் குறித்துக்கொள்ளுங்கள்: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எது இரண்டு தடவை வருகிறது, எது எதிர்பாராமல் வருகிறது, சொல்லப்படும் என்று நினைத்த எது சொல்லப்படவில்லை. விளக்கவுரைகளை இதற்குப் பின்பே திறக்க வேண்டும். முன்பே திறந்தால் மற்றவர் பார்த்ததைத்தான் பார்ப்போம்; திறக்காமலே விட்டால் நம் ஊகத்தை வேதம் என்று எழுதிவிடுவோம்.

வறண்ட பகுதி என்று ஒதுக்கப்படும் நெகேமியா 3-ஐ எடுத்துக்கொள்வோம். மெக்செய்ன் திட்டத்தில் இது ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும். 32 வசனங்கள், எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, எந்தப் பகுதியில் யார் பழுதுபார்த்தார் என்ற பட்டியல். இதை வைத்துத் தியானம் எழுதச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் ‘ஒற்றுமையே பலம்’ என்று எழுதுவார்கள். மேற்சொன்னபடி குறித்துக்கொண்டே வாசித்தால் வேறு விஷயங்கள் தெரியும். பிரதான ஆசாரியன் எலியாசிப் முதல் வசனத்திலேயே கட்டுகிறான்; தட்டான்களும் பரிமள தைலக்காரரும் கட்டுகிறார்கள்; 12-ஆம் வசனத்தில் சல்லூம் என்ற அதிகாரியோடு அவன் குமாரத்திகளும் கட்டுகிறார்கள். தன் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டினான் என்ற குறிப்பு மறுபடியும் மறுபடியும் வருகிறது. இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்துவது தெக்கோவா ஊராரைப் பற்றிய செய்தி. 5-ஆம் வசனத்தில் அவர்கள் கட்டுகிறார்கள். ஆனால் அவர்களுடைய பிரபுக்கள் அந்த வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை என்று பதிவாகியிருக்கிறது. 27-ஆம் வசனத்தில் அதே தெக்கோவா ஊரார் இன்னொரு பகுதியையும் கட்டுகிறார்கள். தங்கள் பெரிய மனிதர்கள் விலகி நின்ற ஊர், ஒரு பங்கோடு நிற்காமல் இரண்டு பங்கு வேலை செய்திருக்கிறது. ஏன் என்று நெகேமியா சொல்லவில்லை. தலைவர்களின் குறையை ஈடுகட்டவா, ஆர்வத்தாலா, ஆள்பலம் மிஞ்சியிருந்ததாலா என்று நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதக் கூடாது. ஆனாலும் பெயர்களின் பட்டியலுக்குள் இப்படி ஒரு செய்தி இருக்கிறது என்று காட்டுவதே ஒரு நாளின் தியானத்துக்குப் போதும். தம் சபையில் பொறுப்பில் இருப்பவர்கள் ஒத்துழைக்காததால் சோர்ந்திருக்கும் ஒருவர் அதை வாசித்தால், நீங்கள் அவருக்கென்று ஒரு புத்திமதியும் சேர்க்க வேண்டியிராது.

லேவியராகமத்துக்கும் இதே முறைதான். பலிகளின் ஒழுங்கை வாசிக்கும்போது, ‘இதன் ஆவிக்குரிய அர்த்தம் என்ன’ என்று உடனே தாவாமல், ‘இதை யார் கொண்டுவருகிறார், அவரிடம் என்ன இருக்கிறது’ என்று கேட்டுப்பாருங்கள். 5-ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம் என்றும், அதற்கும் வகையில்லாதவன் ஒரு மரக்காலின் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவரலாம் என்றும் இருக்கிறது. மாவைக் கொண்டுவந்தவனுக்கும் ஆட்டைக் கொண்டுவந்தவனுக்கும் சொல்லப்படும் முடிவு ஒன்றே: ஆசாரியன் அவனுக்காகப் பாவநிவிர்த்தி செய்வான். 12-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் பிள்ளைபெற்ற ஏழைப் பெண்ணுக்கு அதே சலுகையை அளிக்கிறது. லூக்கா 2:24-இல் யோசேப்பும் மரியாளும் குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்து செலுத்துவது எது என்று பாருங்கள், அந்தப் பறவைகள்தாம். லேவியராகமம் 12-ஐத் தாண்டிச் சென்றவர், லூக்கா அந்தக் குடும்பத்தின் வறுமையை எவ்வளவு அமைதியாகச் சொல்லிவிடுகிறார் என்பதைக் கவனிக்க வழியில்லை.

இனி எல்லோருக்கும் தெரிந்த ஒரு பகுதி. தெரிந்த பகுதிகளில்தான் ஒரேமாதிரி எழுதும் நோய் முற்றிக் காணப்படுகிறது. மாற்கு 5:21-43: ஜெப ஆலயத் தலைவன் யவீரு, மரணத் தறுவாயில் இருக்கும் மகளுக்காக இயேசுவை அழைக்கிறான், வழியில் பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடு (உதிரப்போக்கு) உள்ள ஸ்திரீ அவருடைய வஸ்திரத்தைத் தொட்டுக் குணமடைகிறாள், இதற்குள் சிறுமி இறந்துபோகிறாள், இயேசு போய் அவளை எழுப்புகிறார். ‘விசுவாசத்தோடு தொட்டால் குணமாவோம்’ என்ற தியானத்தை நாம் அனைவரும் வாசித்திருக்கிறோம். அது தவறு என்று சொல்ல மாட்டேன். மாற்கு இந்த இரண்டு சம்பவங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருக்கிறார் என்பதை மட்டும் அது மறந்துவிடுகிறது. பெண்ணின் நோய்க்குப் பன்னிரண்டு வருஷம். சிறுமிக்கு வயது பன்னிரண்டு. யவீரு அவர் பாதத்தில் விழுகிறான். பெண்ணும் அவர்முன் விழுகிறாள். மகளுக்காக ஒரு தகப்பன் காத்துநிற்க, இயேசு இன்னொருத்தியை ‘மகளே’ என்று அழைக்கிறார். அவர் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே யவீருவின் வீட்டிலிருந்து மரணச் செய்தி வருகிறது.

இப்போது யவீருவின் பக்கத்தில் நின்று அந்தத் தாமதத்தைப் பாருங்கள். ‘என் வஸ்திரங்களைத் தொட்டது யார்’ என்று இயேசு கேட்டதும், நெருக்கும் கூட்டத்தில் இப்படிக் கேட்கிறீரே என்று சீஷர்கள் வியப்பதும், அந்தப் பெண் நடுங்கியபடி வந்து உண்மையையெல்லாம் சொல்வதும் எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? பன்னிரண்டு வருஷத்துக் கதை அது. அவள் அந்த நிமிஷத்தில் இறந்துவிட மாட்டாள். அவனுடைய மகள் இறந்துவிடக்கூடும். யவீரு முறையிட்டதாக மாற்கு எழுதவில்லை, பொறுமையாக இருந்ததாகவும் எழுதவில்லை. ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவன் மனநிலையை நாம் இட்டுக்கட்டி எழுதினால் மாற்கு காத்த மௌனத்தைக் கலைத்துவிடுவோம். ஆனால் மரணச் செய்திக்குப்பின் அவனிடம் சொல்லப்படும் ‘பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு’ என்ற வார்த்தை, சற்றுமுன் ஒரு பெண்ணின் விசுவாசம் அவளை இரட்சித்தது என்று அவன் காதில் விழுந்த பிறகு சொல்லப்படுகிறது. அவனைக் காக்கவைத்த சம்பவமே அவனுக்குக் கண்முன் இருந்த சாட்சி.

இதே கதையை மத்தேயு ஒன்பது வசனங்களில் சொல்லிவிடுகிறார். மாற்குக்கு இருபத்து மூன்று வேண்டியிருக்கிறது. மத்தேயுவில் தகப்பன் வரும்போதே மகள் இறந்துவிட்டாள்; ஆகவே அங்கே இந்தத் தாமதத்தின் வேதனைக்கு இடமே இல்லை. மாற்கைத் தியானிக்கும் நாளில் மாற்கைத்தான் தியானிக்க வேண்டும். இதைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் கலந்து ஒரு கதையாக்கினால் எவருடைய அழுத்தமும் தெரியாது. இன்னொரு எச்சரிக்கை. லேவியராகமம் 15-இன்படி அந்தப் பெண்ணின் நோய் தீட்டுக்குரியது என்பதும், எண்ணாகமம் 19-இன்படி பிணத்தைத் தொடுவது தீட்டு என்பதும் உண்மை. அவளால் தொடப்பட்ட இயேசு பிறகு இறந்த சிறுமியின் கையைப் பிடிக்கிறார் என்பது கவனிக்கத் தக்கதே. ஆனால் மாற்கு இந்த இடத்தில் தீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தார் அவளை விரட்டியதாகவும் இல்லை. யூத நியாயப்பிரமாணத்தைக் கொடுமையாகச் சித்தரித்து அதன் பின்னணியில் இயேசுவின் இரக்கத்தைப் பளிச்சிடச் செய்யும் தியானங்கள் நிறைய வருகின்றன. பகுதியில் இல்லாத வில்லன்களைச் சேர்க்காமலே இரக்கத்தைச் சொல்ல முடியும்.

வாக்குத்தத்த வசனங்களைப் பற்றியும் ஒரு சொல். எரேமியா 29:11, ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற வசனம், அட்டைகளிலும் வாழ்த்துகளிலும் எங்கும் காணப்படுகிறது. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் நடுவில் வருவது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்களைச் சிறையாக்கிக் கொண்டுவந்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அது சொல்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப்போகும் நாளைக் காண உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். இந்த வசனத்தை வேலைக்காகவோ பரீட்சைக்காகவோ காத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுபது வருஷத்தையும் சேர்த்து அனுப்புங்கள் என்றே சொல்கிறேன். அப்படி அனுப்பப்படும் வசனம், சீக்கிரத்தில் ஒன்றும் மாறப்போவதில்லை என்று தெரிந்தவர்களையும் எட்டும். அனனியாவின் தியானத்தை எழுதுவது எளிது. அதற்கு வாசகர்களும் அதிகம்.

கசப்பான பகுதிகளைத் தாண்டலாமா என்பது அடுத்தபடியாக எழும் கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபை, நாளின் வேளைதோறும் சொல்லும் ஜெபங்களின் தொகுப்பான தன் திருப்புகழ்மாலையைச் சீரமைத்தபோது, சாபங்கள் நிறைந்த சங்கீதங்கள் 58, 83, 109 ஆகியவற்றைச் சுழற்சியிலிருந்து விட்டுவிட்டது. பொது ஜெபத்தில் அப்படிச் செய்ததற்கு நியாயம் இருக்கலாம். தனி வாசிப்பில் தாண்டாதீர்கள் என்பதே என் கருத்து. அதே திருப்புகழ்மாலை 88-ஆம் சங்கீதத்தை வெள்ளிக்கிழமை இரவு ஜெபத்தில் வாரந்தோறும் வைத்திருக்கிறது. நம்பிக்கையின் திருப்பம் ஒன்றும் இல்லாமல், சிநேகிதரும் விலகி, இருளிலேயே முடியும் சங்கீதம் அது. அதைப்பற்றி எழுதும் பெரும்பாலோர் கடைசிப் பத்தியில் வேறொரு வசனத்தைக் கொண்டுவந்து விளக்கேற்றிவிடுகிறார்கள். சங்கீதக்காரன் ஏற்றாத விளக்கு அது. அதற்குப் பதிலாக அவன் செய்ததைக் காட்டலாம்: முதல் வசனத்தில் இரவும் பகலும் கூப்பிடுகிறான், ஒன்பதாம் வசனத்தில் அனுதினமும் கைகளை விரிக்கிறான், பதின்மூன்றாம் வசனத்தில் காலையில் அவன் விண்ணப்பம் கர்த்தருக்கு முன்பாக வருகிறது. பதில் வராத நிலையிலும் மூன்று இடங்களில் அவன் ஜெபித்துக்கொண்டிருக்கிறான். துக்கத்தில் இருப்பவருக்கு அந்த அளவோடு நிறுத்திய தியானமே துணையாக இருக்கும்.

எழுதும்போது நீளத்தைக் கட்டுப்படுத்துங்கள். இருநூறு முந்நூறு சொற்களுக்கு மேல் போனால் அது பெரும்பாலும் குட்டிப் பிரசங்கமாகிவிடும். பிரசங்கத்துக்கு வேறு ஒழுங்கு வேண்டும். பகுதியில் கண்ட ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்திலேயே பகுதிக்குள் இறங்கிவிடுங்கள். எங்கோ நடந்ததாகச் சொல்லப்படும் நெகிழ்ச்சிக் கதையோடு தொடங்கினால், வாசகர் அந்தக் கதையை நினைவில் வைத்துக்கொண்டு வேதப்பகுதியை மறந்துவிடுவார், அந்தக் கதை உண்மைதானா என்பதும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ‘நீங்கள் இப்படிச் செய்யுங்கள்’ என்ற கட்டளைகளைக் குறையுங்கள். ‘இன்று ஆண்டவர் உங்களுக்குச் சொல்கிறார்’ என்று எழுதும் உரிமை நமக்கு இல்லை. பகுதி என்ன சொல்கிறது என்று காட்டும் பொறுப்பே நம்முடையது. எழுதி முடித்தபின், மேலே இட்ட வசன எண்ணை மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். எந்தப் பகுதியைப் பற்றி எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்தக் குறிப்பை அன்று பகிராமல் வைத்துக்கொண்டு மறுநாள் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். ‘ஆண்டவர் கைவிடமாட்டார்’ என்பது உண்மையே. தெக்கோவா ஊராரின் வழியாக வரும்போதும் யவீருவின் வழியாக வரும்போதும் அது வெவ்வேறு முகத்தோடு வருகிறது, அந்த முகத்தைத்தான் வாசகருக்குக் காட்ட வேண்டும்.

தியானத்தின் முடிவில் ஜெபம் சேர்ப்பதாக இருந்தால், 1535-இல் மார்ட்டின் லூத்தர் தமக்கு முடிதிருத்துபவராக இருந்த பீட்டர் என்ற நண்பருக்கு எழுதிக்கொடுத்த எளிய முறை இன்றும் உதவும். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது எதைக் கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்லவைக்கிறது, எதை அறிக்கையிடவைக்கிறது, எதைக் கேட்கவைக்கிறது என்று நான்கு இழைகளாகத் திரித்து ஜெபிக்கச் சொன்னார். மனம் ஓர் இழையிலேயே ஆழ்ந்துவிட்டால் மற்றவற்றை விட்டுவிடலாம் என்றும் அவர் சொன்னது, முறைகளை இயந்திரம்போலப் பின்பற்றுகிறவர்களுக்கு நல்ல மருந்து. எழுதப்பட்ட ஜெபம் மூன்று நான்கு வரிகளுக்குள், அன்றைய பகுதியின் சொற்களைக்கொண்டே அமைந்தால் நல்லது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் மாற்கைச் சொல்வேன். பதினாறு அதிகாரங்கள்தான், பத்துப் பதினைந்து வசனங்களாக, வாரத்தில் ஐந்து நாள் எடுத்தால் இரண்டு மூன்று மாதங்களாகும். அந்த ஐந்து நாளும் வாசிக்க மட்டும் செய்யுங்கள். ஆறாம் நாள் அந்த ஐந்து பகுதிகளையும் ஒரே மூச்சில் திரும்ப வாசித்து, ஒன்றே ஒன்றைப்பற்றி மட்டும் எழுதிப் பகிருங்கள். அன்றாடம் எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தைச் சில மாதங்களுக்கு ஒதுக்கிவையுங்கள். மாற்கு முடிந்ததும் நெகேமியாவின் பதின்மூன்று அதிகாரங்கள், பிறகு பிலிப்பியர் நிருபத்தின் நான்கு. லேவியராகமத்தை அதற்குப்பின், லூக்காவின் முதலிரண்டு அதிகாரங்களை வாசித்த கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 12-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைத் தேடிக்கொண்டே போவீர்கள்.